ஏடுகள் வைக்கப்பட்டன, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சட்டப்பேரவையில் யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார், யார் வெளிநடப்பு செய்தார் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டுவிட்டு, கடைசியில் "பல்வேறு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் உள்ளிட்ட ஏடுகள் பேரவை முன் வைக்கப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்த நிறுவனம், எந்த ஆண்டுக் கணக்கு என்று எழுதக்கூடவா இடமில்லை?

உங்களுக்குத் தெரியாததல்ல. சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தில் மத்திய, மாநில அரசுகளுக்குச் சரிபாதிப் பங்கு. இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, மாநிலம் போடுவது 35 சதவீதம் என்று எல்லாரும் எழுதினீர்கள். கடனை நிறுவனம்தான் அடைக்க வேண்டும், நிறுவனத்தால் முடியாத ஆண்டில் மாநில அரசு பணம் கொடுக்க வேண்டும் என்றும் அப்போதே மத்திய அரசு சொன்னது. அதை எத்தனை பேர் எழுதினீர்கள்? அந்தச் சுமை கடைசியில் நம் தலையில்தானே விழும்! இப்படி இரு அரசுகளும் பங்குதாரராக இருக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் தணிக்கை அறிக்கையையும் நாடாளுமன்றத்தில் மட்டுமல்ல, மாநிலச் சட்டமன்றத்திலும் வைக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 394-வது பிரிவு. அறிக்கையை வைப்பதே கேள்வி கேட்பதற்காகத்தான்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். உர மூட்டை இறக்கிய கூலி வவுச்சர் ஒன்றில் பணம் வாங்கியவரின் கையெழுத்து இல்லை என்று தணிக்கைத் தடை போட்டார்கள். எனக்கு முன்பிருந்தவர் காலத்து வவுச்சர் அது. இறக்கிய ஆளைத் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கி, விளக்கத்தோடு இணைத்து அனுப்பினேன். தடை நீங்கும்வரை என் பணிக்கொடையை நிறுத்தி வைத்திருந்தார்கள். சரி, பொதுப்பணம், கேட்கட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். ஒரு கூலி வவுச்சருக்கு இருக்கும் அக்கறை ஆயிரக்கணக்கான கோடிக்கு வேண்டாமா?

பறக்கும் ரயிலிலும் இதே கதைதான். அதைக் கட்டியது ரயில்வே என்றாலும், மயிலாப்பூர்–வேளச்சேரி பகுதிச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தமிழ்நாட்டுப் பணம். 2007-ல் வேளச்சேரி வரை வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய பரங்கிமலை இணைப்பு, கடைசி அரை கிலோமீட்டருக்கு நில இழப்பீட்டு வழக்கில் சிக்கி வருடக்கணக்கில் நின்றது. எங்கள் ஆதம்பாக்கத்தில் அந்தத் தூண்களுக்கு அடியில் நடந்தே பழகிவிட்டோம். பேரவையில் இதையெல்லாம் கேட்டவர்கள் இருந்திருக்கலாம். பத்திரிகையில் வந்தால்தானே எங்களுக்குத் தெரியும்?

பேரவையின் பொது நிறுவனங்கள் குழு எங்காவது ஆய்வுக்குப் போனால் படம் போடுகிறீர்கள். உறுப்பினர்கள் பாலத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே என்ன கேட்டார்கள், அதிகாரிகள் என்ன பதில் சொன்னார்கள் என்பது மட்டும் வருவதே இல்லை.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை ஏடுகள் வைக்கப்படும் நாளில் நிறுவனத்தின் பெயர், எந்த ஆண்டுக் கணக்கு, லாபமா நட்டமா, எவ்வளவு என்பதை மட்டுமாவது ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். தமிழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
ஆதம்பாக்கம், சென்னை