வண்டி யார் பேரில்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போன் போட்டால் "அப்புறம் கூப்பிடுறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. கொசுதான் தாங்கவில்லை. வேறு விசேஷம் இல்லை.

கார் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி மூலமாக லீஸ், மாசம் 24,000, மூன்று வருஷம், முன்பணம் கிடையாது, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதிலேயே அடக்கம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 36 மாசத்துக்கு 8,64,000. அதையும் கட்டிவிட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுக்கணும். அதே ஒன்பது லட்சம் வண்டிக்கு 2 லட்சம் கையிலிருந்து போட்டு, மிச்சத்தை 9 வட்டியில் ஐந்து வருஷக் கடனாக எடுத்தால் மாசம் 14,500 சொச்சம். வட்டி மட்டும் 1,72,000 போகும். இன்சூரன்ஸும் டயரும் நம் தலையில்தான். ஆனாலும் கடைசியில் வண்டி உன் வாசலில் நிற்கும். லீஸில் வரி மிச்சம் என்பாய், சரி. நடுவில் வேலையை விட்டால் மிச்சத் தவணைக்கு யார் பதில் சொல்வது? அந்தக் காகிதத்தை ஒரு பக்கம் விடாமல் படி.

முக்கியம், ஆர்.சி. புக்கில் உன் பேர் இருக்கணும். லீஸில் பெரும்பாலும் லீஸ் கொடுக்கிற கம்பெனி பேர்தான் இருக்கும்.

மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறதே, இரண்டையும் எங்கே நிறுத்துவீர்கள்? வீட்டுக்கு ஒரு பார்க்கிங்தான் என்று போன தடவை அவரே சொன்னார். போகட்டும். அப்புறம் கர்நாடக நம்பர் வண்டியைக் கடலூரில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு பண்ணணும். லீஸ் வண்டி என்றால் அதற்கும் அவர்கள் கையெழுத்து வேண்டும். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சொந்தச் சம்பளத்தில் கார் எடுக்கப்போகிறாய் என்று பாடலீஸ்வரர் கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். தீபாவளிக்குத் தனியாகப் பஸ்ஸில் வந்து மறுநாளே கிளம்பியதையும், பொங்கலுக்கு வராததையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆர்.சி. புக், உன் பேர், மறக்காதே.

நம்ம ஆம்னியை விற்றுவிட்டேன் என்று 2003-இல் உன்னிடம் சொன்னேன் அல்லவா, விற்கவில்லை. ஐந்து தவணை பாக்கி. லாரன்ஸ் ரோட்டில் டீக்கடை எதிரே ஃபைனான்ஸ் ஆட்கள் இரண்டு பேர் மறித்துச் சாவியைப் பிடுங்கினார்கள். உன் ஸ்கூல் பை பின்சீட்டில் கிடந்தது. அதை மட்டும் ஒருத்தன் எடுத்து என் கையில் கொடுத்தான். டிபன் பாக்ஸ் திறந்து தயிர்சாதம் சட்டையெல்லாம் ஒழுக, அந்தப் பையோடு மஞ்சக்குப்பம் வரை நடந்தே வந்தேன். அதற்கு முந்தின மாசம்தான் அம்மாவின் அட்டிகை அடகுக்குப் போயிருந்தது, அதுவும் பத்தவில்லை. அட்டிகையைத் தங்கச்சி கல்யாணத்துக்குக் கொடுத்ததாக நான் சொன்ன கதையை அம்மா இன்றைக்கு வரை கலைக்கவில்லை. பேர் பேர் என்று நான் அடித்துக்கொள்கிறேனே, அந்த ஆர்.சி. புக்கில் என் பேர்தான் இருந்தது, கீழே ஃபைனான்ஸ்காரன் பேரும் இருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் உங்கள் மாமா கட்டியிருப்பார். கேட்க வாய் வரவில்லை.

அதனால் லீஸே எடுத்தாலும் எனக்குச் சம்மதம்தான். மூன்று வருஷம் கழித்து என்ன என்பது இப்போதே தெரிய வேண்டும் என்று யார் சொன்னது?

மாசி மகத்துக்கு வா. தேவனாம்பட்டினத்துக்கு ஆட்டோவிலேயே போய்க்கொள்ளலாம். பின்கட்டு அறையில் இருந்த அரிசி மூட்டைகளை எடுத்துவிட்டேன். புது ஃபேனும் மாட்டியாச்சு.

அன்புடன்,
அப்பா