மலை சைக்கிள் வாங்கப் போகும் நண்பனுக்கு

சான் ரஃபேல், கலிஃபோர்னியா

அன்புள்ள ராகவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குன்னூருக்கு மாற்றல் கிடைத்ததையும் அம்மாவுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொண்டதையும் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகிறேன்.

தோட்டப் பாதைகளில் ஓட்ட ஒரு மலை சைக்கிள் வாங்கப் போவதாகவும், எது சிறந்தது என்று சொல்லும்படியும் எழுதியிருந்தாய். இந்தப் பக்கம் வந்து அதைக் கேட்பது காஞ்சிபுரத்தில் நின்று எந்தப் பட்டு நல்லது என்று கேட்பதைப் போல. ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

என் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூர். அதற்கு மேலே உள்ள மலையில் ரீபேக் (மறுபடி அடைப்பது என்று பொருள்) என்றொரு மண்பாதை இறங்குகிறது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் 1,300 அடி இறக்கம். 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் அங்கே முதன்முதலாகப் பந்தயம் வைத்தார்கள். அவர்கள் ஓட்டியவை 1930, 40களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்கள். தடித்த பலூன் டயர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகையாகப் போய்விடும். ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பாதைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். கேரி ஃபிஷர் அதை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது சாதனை. ஜோ பிரீஸ் அவரைவிட இரண்டே விநாடி பின்தங்கினார். அந்த பிரீஸ்தான் 1977இல் மலைக்கென்றே தனியாக ஒரு சைக்கிளைத் தம் கையாலேயே செய்தார்.

ஃபேர்ஃபாக்ஸில் உள்ள சைக்கிள் அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் இரும்புக் குழாய். அதை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் எப்படித்தான் இறங்கினார்களோ!

என்னோடு ஓட்ட வரும் இருவருக்கு இடையில் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் கட்சி, மற்றவர் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் கட்சி. இருவரும் சாட்சிக்கு இழுப்பது 2012 லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தை. செக் வீரர் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரமும் ஃபுல் சஸ்பென்ஷனும் உள்ள வண்டியில் வந்தார். சுவிட்சர்லாந்தின் நீனோ ஷுர்ட்டர் 27.5 அங்குல ஹார்ட்டெயிலில் வந்தார். கடைசிச் சுற்றுவரை இருவரும் ஒட்டியே ஓடி, ஒரு விநாடி வித்தியாசத்தில் குல்ஹாவி தங்கம் வென்றார். "பார்த்தாயா, ஃபுல் சஸ்பென்ஷன்!" என்கிறார் இவர். "ஒன்றரை மணி நேரப் பந்தயத்தில் ஒரு விநாடியெல்லாம் ஒரு வித்தியாசமா?" என்கிறார் அவர். எனக்கோ அந்தப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த இத்தாலியர் ஃபோன்டானாவின் நினைவுதான் வரும். கடைசிச் சுற்றில் அவருடைய இருக்கை கம்பியோடு கழன்று போய்விட்டது. மீதித் தூரத்தை நின்றபடியே மிதித்து வந்து வெண்கலம் வாங்கினார்.

சக்கர அளவைப் பற்றியும் இப்படித்தான் பேசித் தீர்க்கிறார்கள். 27.5க்கும் 29க்கும் ரிம்மின் விட்டத்தில் உள்ள வேறுபாடு 38 மில்லிமீட்டர். பெரிய சக்கரம் கல்லின் மேல் சுலபமாக ஏறி உருளும், சிறியது வளைவில் சட்டென்று திரும்பும். உன் உயரத்துக்கு 29 போதும். அதற்கு மேல் யோசிக்காதே.

என் கருத்தைச் சொல்கிறேன். வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியவை டயரும் பிரேக்கும். கடைக்காரர் வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) எடையையும் கியர்களின் எண்ணிக்கையையும் சொல்வார். சொல்லட்டும், நீ பிரேக்கைப் பிடித்துப் பார். ஒற்றை விரலால் இழுத்தால் பிடிக்க வேண்டும். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் வேண்டாம், திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கே வாங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்ச் சரிவுகளில் தொடர்ந்து பிரேக் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கும். கேபிள் பிரேக் என்றால் சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைவு திரும்பினால் காட்டெருமை நிற்கக்கூடிய ஊர் அது. அந்த இடத்தில் உன்னைக் காப்பாற்றப் போவது பிரேக்தான்.

டயர் 2.3 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பக்கவாட்டில் துருத்தி நிற்கும் ரப்பர்ப் பொத்தான்கள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் செம்மண் சேறு அப்பிக்கொண்டு டயர் வழவழப்பான உருளையாகிவிடும். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே உன் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறதா என்றும் பார். காற்றைக் கல் போல அடைக்காதே. உன் எடைக்கு, உள்ளே ட்யூப் இருந்தால், 25இலிருந்து 30 பி.எஸ்.ஐ. (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு) போதும். அப்போதுதான் டயர் மண்ணைப் பற்றும்.

ஃபுல் சஸ்பென்ஷனை நான் குறை சொல்லவில்லை. அதே ஷுர்ட்டர் 2016இல் ரியோவில் தங்கம் வென்றது அதில்தான். ஆனால் பின்பக்க அதிர்வுதாங்கி (ஷாக்), பேரிங்குகள் என்று பராமரிக்க வேண்டியவை அதில் ஏராளம். முன் ஃபோர்க்குக்கே 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் சேற்றில் ஓட்டிவிட்டு, உதிரிபாகத்துக்காக ஒவ்வொரு தடவையும் நீ கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். அலுமினியச் சட்டம் போட்ட நல்ல ஹார்ட்டெயில் ஒன்றை வாங்கு. மிச்சப்படும் பணத்தில் டயர்களையும் நல்ல ஹெல்மெட்டையும் வாங்கிக்கொள். என் ஹார்ட்டெயில் நண்பருக்கு இதைப் படித்துக் காட்டினால் விருந்தே வைப்பார்.

டிசம்பரில் வரும்போது இங்கிருந்து ஒன்றை வாங்கி வரச் சொல்லியிருந்தாய். வேண்டாம். உத்தரவாதம் அங்கே செல்லுபடியாகுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இங்கே விற்கும் வண்டிகளில் முன் பிரேக் இடது கையில் இருக்கும். நம் ஊரில் வழக்கமாக வலது கையில். வளைவில் பதறிப்போய்ப் பழக்கத்தில் கை தவறாகப் பிடித்தால் தூக்கியெறிந்துவிடும்.

சுவரோடு ஒட்டி நின்று, வெறுங்காலில், தரையிலிருந்து கால் கவடுவரை அளந்து எழுது. எந்த அளவுச் சட்டம் சரிப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் கடையில் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சேகர்