சுந்தரத்துக்கு, ரெக்கார்டர் விஷயமாக

நங்கநல்லூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சுந்தரம்,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். பின்னால் உன் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தத்தில் பாதி புரியவில்லை. புரிந்தவரை கேள்வி இரண்டு. மடிப்பாக்கம் வீட்டுக்குக் குடிவந்ததும் டிவி நிகழ்ச்சிகளை ரெக்கார்டு செய்து பார்க்க எந்த பாக்ஸ் வாங்கலாம் என்பது ஒன்று. பொங்கல் பட்டிமன்றத்தில் நீ பேசியதை நான் ரெக்கார்டு செய்து வைத்திருந்தேனே, பேரனுக்குக் காட்ட அதில் ஒரு காப்பி கிடைக்குமா என்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். முதலாவதைச் சொல்லிக்கொண்டே வருகிறேன், போகப் போக உனக்கே விளங்கிவிடும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சரோஜாவுக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை, இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. பக்கத்து வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள், காபித் தம்ளரில்கூடத் தூசி மிதக்கிறது. உங்கள் ஏரியாவில் மெட்ரோ வேலை இன்னும் நடக்கிறது, லாரியில் சாமான் கொண்டுவருவதாக இருந்தால் விடியற்காலையில் வரச் சொல்.

சரி, பாக்ஸ். உன் மாமா பர்மா பஜாரில் வாங்கி வந்த வீடியோ டெக் ஞாபகம் இருக்கிறதா? மூன்று மணி நேர கேசட், அதில் நேரம் செட் பண்ணத் தெரிந்த ஒரே ஆள் உன் தங்கை. மற்ற நாளெல்லாம் முகப்பில் பன்னிரண்டு பன்னிரண்டு என்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். இன்றைய ரெக்கார்டர் செய்வதும் அதே வேலைதான், ஆனால் செய்கிற விதம் வேறு. டெக் வருகிற படத்தைத் திரும்ப ஒரு தடவை டேப்பில் எழுதும், அதனால் மங்கும். இது அப்படியில்லை. சேட்டிலைட்டிலிருந்து வருகிற டிஜிட்டல் தகவலை அப்படியே அள்ளி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடுகிறது. நேரலையில் தெரிகிற படம் எப்படியோ, பத்து நாள் கழித்துப் பார்க்கிற படமும் அப்படியே. நேரலையை நிறுத்திவைத்துக் கதவைத் திறந்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பார்ப்பதும் இதே தந்திரம்தான். பாக்ஸ் ஒரு கையால் எழுதிக்கொண்டே போகிறது, இன்னொரு கையால் பின்தங்கிப் படித்துக் காட்டுகிறது.

என் அக்கா நியூஜெர்சியில் இருந்தபோது டிவோ என்கிற ரெக்கார்டர் வைத்திருந்தாள். 1999இல் அது அமெரிக்காவில் வந்தபோது பதினான்கு மணி நேரம், முப்பது மணி நேரம் என்று இரண்டு மாடல். வேர்க்கடலை மாதிரி இடுப்பு ஒடுங்கிய ரிமோட், பிடித்திருந்தால் கட்டைவிரல் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. நம் ஊருக்கு அந்த வசதி 2008 வாக்கில் டாடா ஸ்கை பிளஸ் என்று வந்தது. இப்போது அந்தக் கம்பெனிக்குப் பேரே டாடா பிளே. பிறகு மற்ற டிடிஹெச்காரர்களும் வரிசையாக இறக்கினார்கள்.

கடைக்காரன் முதலில் ஜிபி கணக்கைத்தான் சொல்வான். அதில் மயங்காதே. நான் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நொடிக்கு எட்டு மெகாபிட் வேகத்தில் ஒரு ஹெச்டி சேனல் வருகிறது என்றால் மணிக்கு 3.6 ஜிபி. 500 ஜிபி டிஸ்கில் 138 மணி நேரம். சாதா சேனல் மூன்று மெகாபிட் என்றால் மணிக்கு 1.35 ஜிபி, அதே டிஸ்கில் 370 மணி நேரம். உனக்கு எதற்கு 370 மணி நேரம்? எங்கள் வீட்டு பாக்ஸில் மார்கழிக் கச்சேரிகள் மட்டும் இருபதுக்கு மேல் சேர்ந்திருந்தன. சத்தியமாக மூன்றுதான் கேட்டேன். ரெக்கார்டு பண்ணிவிட்டாலே பார்த்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது, அது ஒரு வியாதி.

நீ கேட்க வேண்டியது எத்தனை டியூனர் என்று. உன் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும். ஏழிலிருந்து பத்து வரை சீரியல் உன் மாமியார் வசம். ஐபிஎல் ஏழரைக்கு ஆரம்பம். ஒரே டியூனர் இருந்தால் பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிடிக்கும். சீரியல் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருக்கும்போது நீ மேட்சுக்கு மாற்றினால், "ரெக்கார்டிங்கை நிறுத்தவா?" என்று திரையில் கேட்கும். அந்தக் கேள்விக்கு உன் மாமியார் எதிரில் ஆமாம் அழுத்துகிற துணிச்சல் உனக்குக் கிடையாது. இரண்டு டியூனர் இருந்தால் ஒன்று சீரியலை எழுதும், இன்னொன்றில் மேட்ச் ஓடும்.

ஆனால் அதிலும் ஒரு சூது இருக்கிறது. இரண்டு டியூனருக்கு டிஷ்ஷிலிருந்து தனித்தனியாக இரண்டு ஒயர் இறங்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு மாட்ட வந்த பையன், "ஒண்ணே போதும் சார், அதுவே எல்லாத்தையும் பிடிக்கும்" என்று ஒரே ஒயரை இழுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு மாதம் நான் கையேட்டைப் பார்த்துப் பார்த்து ரிமோட்டைத் தேய்த்தேன். கடைசியில் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு திருகு முனை, ஒன்று காலி. அதில் ஒரு சிலந்தி கூடு கட்டியிருந்தது. மொட்டை மாடிக்குப் போனால் டிஷ் கையில் மாட்டியிருக்கும் எல்என்பியிலும், அதாவது அலையைப் பிடிக்கிற அந்த மூக்கிலும், ஒரே ஒரு முனைதான். மறுபடி ஆள், மறுபடி காசு, அசோசியேஷன் செகரட்டரியிடம் இன்னொரு தடவை பர்மிஷன். நீ வாங்கும்போது பையன் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் நீயே பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிடு.

அப்புறம் சுவிட்ச். அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு எல்லா பிளக்கும் அணைந்துவிடும். "செவப்பு லைட்டு எரிஞ்சா கரண்டு ஓடுதுன்னு அர்த்தம்" என்பாள். பாக்ஸ் ஸ்டாண்ட்பையில் இருந்தால்தான் நேரம் வந்ததும் தானே எழுந்து ரெக்கார்டு செய்யும். பிளக்கை அணைத்தால் கோவிந்தா. அம்மா சொன்னதிலும் நியாயம் உண்டு, பதினைந்து வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட இரண்டு மாத ஈபி பில்லில் இருபத்தோரு யூனிட்டுக்கு மேல் வருகிறது. கடைசியில் அந்த சுவிட்ச் மேல் பிளாஸ்டர் ஒட்டி, "தொடாதே" என்று எழுதினேன். அம்மா பிளாஸ்டரைப் பிரித்துவிட்டு அணைத்தாள்.

மழையையும் சொல்லிவிட வேண்டும். டிடிஹெச் வருகிற அலைவரிசைக்குக் கனமழை ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் பிரமாதமாக இடித்துக்கொண்டு பெய்கிற சாயங்காலங்களில் உன் ரெக்கார்டிங்கில் கால்வாசி கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். கேபிளில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் தெருக்கோடியில் ஆபரேட்டர் பெட்டிக்குக் கரண்ட் போனால் அதுவும் போச்சு. மேட்ச் ரெக்கார்டு செய்கிறபோது அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்து புக் பண்ணிவிடு. பாக்ஸ் அட்டவணையைப் பார்த்துத்தான் நிறுத்தும். கடைசி ஓவர் பதினொன்றரையைத் தாண்டினால் அதற்கு என்ன தெரியும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2003இல், பே சேனல் வேண்டுமானால் செட் டாப் பாக்ஸ் வை என்று நாட்டிலேயே முதலில் சட்டம் அமலுக்கு வந்தது சென்னையில்தான், உனக்கு நினைவிருக்கும். தெருவெல்லாம் புலம்பினோம். அன்றைக்குச் சேனலுக்குத்தான் பூட்டு என்று நினைத்தேன். ரெக்கார்டர் வந்த பிறகு தெரிந்தது, அதே பூட்டு ரெக்கார்டிங் மேலும் விழுகிறது என்று. ஹார்ட் டிஸ்கில் இருப்பது ரகசிய எழுத்து. அதைப் படிக்கிற சாவி அந்த பாக்ஸிலும் அதில் செருகுகிற கார்டிலும் இருக்கிறது. டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். யூஎஸ்பி வைத்த பாக்ஸில் நம் காசில் வாங்கிய பென் டிரைவில் ரெக்கார்டு செய்தாலும் கதை அதேதான், பக்கத்து வீட்டு பாக்ஸில் ஓடாது.

2017இல் எங்கள் பாக்ஸ் சூடாகிச் சூடாகி ஒரு நாள் முழிக்கவே இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். மறுநாளே ஆள் வந்தான், ரொம்ப மரியாதையான பையன். புது பாக்ஸை வைத்துவிட்டுப் பழையதைப் பையில் போட்டுக்கொண்டான். "தம்பி, அதுக்குள்ள எங்க ரெக்கார்டிங் இருக்கே" என்றேன். "அதெல்லாம் வராது சார், பாக்ஸ் கம்பெனியோடது" என்றான். கதவு வரை போய் நின்றேன். வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். மார்கழிக் கச்சேரிகள் போனதில் வருத்தமில்லை. உன் பட்டிமன்றம் அதில்தான் இருந்தது. இத்தனை வருஷமாக நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.

அதே வீட்டில், பரணில், உன் கல்யாண டெக் கேசட் இருக்கிறது. ரிச்சி தெருவில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிற சின்னக் கருவி ஒன்று வாங்கி, போன வருஷம் அதை ஃபைலாக மாற்றினேன். நாதஸ்வரம் நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, மற்றபடி ஜோர். டிஜிட்டல் போய்ச் சேர்ந்துவிட்டது, பூசணம் பிடித்த டேப் ஓடுகிறது!

ஆகவே என் யோசனை இதுதான். சீரியலுக்கு ரெக்கார்டரே வேண்டாம். சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்டில் இருக்கிறது, விஜய் டிவி சீரியல் ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கிறது, மாமியாருக்கு ஒரு டேப்லெட்டில் போட்டுக் கொடு. பெரிய எழுத்தாக வை. மேட்சை நேரலையில் பார், மறுநாள் பார்த்த மேட்ச் ஆறிய தோசை. அதற்கு மேல் இரண்டு நிகழ்ச்சி மோதுகிற வீடு என்றால்தான் இரண்டு டியூனர் பாக்ஸ். அதுவும் உள்ளேயே டிஸ்க் வைத்தது நான் விசாரித்த கடைகளில் கிடைக்கவில்லை, யூஎஸ்பி வைத்ததைத்தான் காட்டினார்கள். அதை வாங்கினால் பென் டிரைவுக்குப் பதில் சின்ன ஹார்ட் டிஸ்க் போடு, பென் டிரைவ் வேகம் பத்தாமல் படம் திக்கும். புது ஸ்மார்ட் டிவியிலேயே ரெக்கார்டு பட்டன் இருக்கிறதே என்று கேட்பாய். பாக்ஸிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஒயரில் வருவதை அது பதிவு செய்யாது.

காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதற்கு மட்டும் வேறு வழி. டிடி ஃப்ரீ டிஷ் என்று தூர்தர்ஷனுடைய இலவச டிஷ் இருக்கிறது, மாதச் சந்தா கிடையாது. நம் பழைய பொதிகை, 2024லிருந்து டிடி தமிழ், அதில் வருகிறது. கடையில் கிடைக்கிற சாதாரண ஃப்ரீ டிஷ் பாக்ஸில் யூஎஸ்பியில் ரெக்கார்டு செய்தால் பூட்டு இல்லை, அப்படியே கம்ப்யூட்டரில் ஓடுகிறது. என் மாடியில் இப்போது இரண்டு டிஷ். செகரட்டரி என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. இந்தப் பொங்கலுக்கு உன்னை மறுபடி சிவானந்தா சாலை தூர்தர்ஷன் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் முதல் நாளே சொல், இரண்டு காப்பி எடுத்து வைக்கிறேன்.

பேரனுக்குக் காட்ட ஒன்றே ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உன்னை டிவியில் பார்த்த குஷியில் என் போனில் திரையை நாற்பது நொடி படம் பிடித்திருக்கிறேன், நேற்று பழைய போனைத் துழாவியபோது கிடைத்தது. கோடு கோடாக இருக்கிறது, ஆனால் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது நீதான் என்று தெரிகிறது. பேசியதில் ஒரு வார்த்தை காதில் விழாது. "யாருடா இது, நம்ம சுந்தரமா? இப்படி வழுக்கை விழுந்துடுச்சே, எண்ணெய் வெக்க சொல்லுடா அவனை" என்று அம்மா பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வீட்டுக்கு வருகிற அன்று பென் டிரைவ் எடுத்து வா.

உன்,
கோபாலன்