முதுகு எம்ஆர்ஐ ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் டாக்டர்களே,

நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு வலி என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்கேன் கவரோடுதான் வருகிறார்கள். ஃபிலிமைப் பார்த்தால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது, ஆனால் நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டைப் படித்துவிடுகிறார்கள், படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருப்பது), டிஸ்க் டெசிகேஷன் (ஜவ்வில் நீர் குறைவது), ஆனுலர் டேர் (ஜவ்வின் வெளிவளையத்தில் கீறல்) என்று அதில் இருப்பதையெல்லாம் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, ஜவ்வு விலகிவிட்டது, இனி எழுந்து நடக்கவே முடியாது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து குனிவதில்லை, தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை, சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள். அசையாமல் கிடப்பதாலேயே வலி கூடிப்போனவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் எழுதுவது பொய் இல்லை. டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் ஜவ்வுக்குள் இருக்கும் நீர் வெளுப்பாகத் தெரியும், வயது ஏற ஏற நீர் குறைந்து ஜவ்வு கறுத்துத் தெரியும், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் வலியே இல்லாதவர்களின் முதுகிலும் இதெல்லாம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. 1994இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது: முதுகு வலி இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்ததில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் பல்ஜ் இருந்தது. எல்லா ஜவ்வும் சரியாக இருந்தவர்கள் வெறும் 36 சதவீதம். 2015இல் வெளியான தொகுப்பாய்வு, வலி இல்லாத 3110 பேரின் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம், 50 வயதில் 80 சதவீதம். பல்ஜ் 50 வயதில் 60 சதவீதம்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். இந்த மாற்றம் நோயாளியின் வயதில் எவ்வளவு சகஜம் என்று ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரி, முடிந்தால் தமிழில், எழுதுங்கள்.

இதை அமெரிக்காவில் ஏற்கெனவே செய்து பார்த்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஆமாம், சுமார் இரண்டரை லட்சம் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை வைத்து நடந்த அந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது, மொத்தமாகப் பார்த்தால் சிகிச்சைகள் குறையவில்லை, ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்துச் சீட்டுகள் மட்டும் கொஞ்சம் குறைந்தன. ஆனால் அங்கே அந்த வரிகள் மருத்துவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே ரிப்போர்ட்டை ஸ்கேன் சென்டர் வாசலிலேயே பிரித்துப் படிப்பது நோயாளி. அவருடைய பயம் குறைந்தாலே எனக்குப் போதும், அவர் மறுபடி நடக்க ஆரம்பித்துவிடுவார்.

எதையும் எழுதாமல் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வலி இல்லாத அந்த 98 பேரில் எக்ஸ்ட்ரூஷன் (ஜவ்வின் உட்பகுதி வெளிவளையத்தைத் தாண்டி வெளியே வந்துவிடுவது) 1 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது, அப்படியென்றால் அது கண்ணில் பட வேண்டிய விஷயம். சிறுநீர் கட்டிக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் போவது, புற்றுநோய் வந்து போனவருக்குப் புதிதாக முதுகு வலி, காய்ச்சலோடு வரும் வலி, இவற்றுக்கெல்லாம் ஸ்கேன் உயிர்காக்கும் விஷயம், தாமதிக்கவே கூடாது. ஐந்து மட்டத்திலும் பல்ஜ் என்று எல்லாவற்றையும் ஒரே தொனியில் அடுக்கும்போது, நரம்பை உண்மையாகவே நசுக்கும் அந்த ஒன்று மற்றதோடு சேர்ந்து அமுங்கிவிடுகிறது. அதை இம்ப்ரெஷனில், அதாவது ரிப்போர்ட்டின் முடிவுப் பகுதியில், முதலில் போடுங்கள். சரி, உங்களுக்கு வரும் சீட்டிலும் 'எல்எஸ் ஸ்பைன்' (இடுப்புப் பகுதி முதுகெலும்பு) என்பதைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை, எந்தக் கால் மரத்தது என்று கூட எழுதாமல் அனுப்புகிறார்கள், அது அனுப்பும் மருத்துவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியது.

ஒரு மாதிரி வரி தருகிறேன்: "இங்கே குறிப்பிட்டுள்ள ஜவ்வுத் தேய்மானமும் லேசான பல்ஜும் உங்கள் வயதில் வலி இல்லாத பலருக்கும் காணப்படுபவை. உங்கள் வலிக்கு இவைதான் காரணமா என்பதை மருத்துவர் உங்களைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்." வார்த்தைகளை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட்டில் ஒருமுறை சேர்த்துவிட்டு, பொருந்தாத கேஸில் மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்