படைப்புக்கு வந்தவர்களையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்கள். சரி, குடிக்கிறோம். ஆனால் எந்தத் தெருவில், எந்த வாரத்தில் தண்ணீரால் நோய் பரவும் ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வழி இருக்கும்போது அதை ஏன் விடவேண்டும்?

1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர், நோய் தொற்றக்கூடியவர், தொற்றியவர், குணமாகியோ இறந்தோ அதிலிருந்து விலகியவர் என்று மக்களைப் பிரித்து, நோய் எப்படிப் பரவும் என்று கணிக்கச் சமன்பாடு எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள், காலரா போன்ற நோய்களுக்காகத் தண்ணீரையும் அதில் சேர்த்தார்கள். நோயாளியிடமிருந்து எவ்வளவு கிருமி தண்ணீருக்குப் போகிறது, அங்கே எத்தனை நாள் பிழைக்கிறது, திரும்ப எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வரும்.

நம் பக்கம் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. அது நின்றதும் அழுத்தம் இறங்கி, விரிசல் இருக்கும் இடத்தில் சாக்கடை நீர் உள்ளே போய்விடலாம். அதனால் தண்ணீர் விடும் நேரமும் கணக்கில் இருக்கவேண்டும்.

செட்டிநாட்டுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே பல வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. படைப்பு (முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடுவது), கல்யாணம், கும்பாபிஷேகம் என்றால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூட்டமாக வந்து, இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுகிறார்கள். டைபாய்டு தெரியவரப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வரும் மஞ்சள் காமாலைக்குச் சராசரியாக நான்கு வாரம், சிலருக்கு ஏழு வாரம்கூட ஆகும். அதற்குள் குழாய் உடைப்பை அடைத்திருப்பார்கள், வீட்டையும் பூட்டியிருப்பார்கள். நோயாளியோ எங்கோ ஒரு நகரத்து மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பார். உள்ளூர் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணித்தால் நம் ஊர் பத்திரமாக இருப்பதாகவே விடை வரும். இதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

தெருக்குழாயில் குளோரின் எவ்வளவு இருக்கிறது (லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் வேண்டும்), குழாய் எந்தத் தேதியில் உடைந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வயிற்றுப்போக்கோடு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தெருவாரியாக ஒரே இடத்தில் சேர்த்து வைக்கவேண்டும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கணிதத் துறை மாணவர்களிடம் இதை வைத்துக் கணிக்கும் வேலையை ஒப்படைக்கலாம்.

உங்கள் வாசகர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விசேஷத்துக்கு வந்து போனபின் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ காமாலையோ வந்தால், நீங்கள் வசிக்கும் ஊரில் பார்க்கும் மருத்துவரிடம், விசேஷத்துக்கு எந்த ஊருக்குப் போனீர்கள் என்று சொல்லுங்கள். விசேஷம் நடந்த வீட்டாருக்கும் தெரிவியுங்கள். அவர்கள் அதை உள்ளூர் சுகாதார நிலையத்தில் பதியச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பள்ளத்தூர்.