நடுக்கத்துக்குச் சத்து மாத்திரையா?

ஆசிரியருக்கு,

விரல் நடுங்குகிறது என்று மருந்துக் கடைக்கு வருபவர்கள் நோயின் பெயரையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: 'நரம்புத் தளர்ச்சி'. சுவர் விளம்பரங்கள் சொல்லிக்கொடுத்த பெயர். ஒரு அட்டை பி-காம்ப்ளெக்ஸோடு விஷயம் முடிந்துவிடுகிறது. நடுக்கம் மட்டும் முடிவதில்லை.

கை எப்போது நடுங்குகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். காபி டம்ளரைத் தூக்கும்போதும் பொத்தான் போடும்போதும் இரண்டு கையும் நடுங்கி, மடியில் வைத்ததும் அடங்கினால், அது பெரும்பாலும் குடும்பத்தில் தொடரும் வகை. இதற்குத் தரும் ப்ராப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. டிவி பார்க்கையில் சும்மா கிடக்கும் ஒரு கையில் மட்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் நொடிக்கு நாலைந்து தடவை ஆடி, ரிமோட்டை எடுத்தால் நிற்கிறதா? மூளை செல்கள் நலிவதால் வரும் பார்க்கின்சன் நோயா என்று பார்க்க வேண்டும். பாஸ்புக்கில் இருக்கும் கையெழுத்தைவிட இப்போது போடுவது பொடிப்பொடியாகச் சுருங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

பலர் கோட்டைவிடும் இடம், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து. மூச்சிரைப்புக்கான சால்புடமால், தியோஃபிலின், வலிப்புக்கான வால்ப்ராயேட், மனநலச் சிகிச்சைக்கான லித்தியம் எல்லாமே கையை நடுங்கவைக்கும். தலைசுற்றலுக்குச் சில நாட்களுக்கென்று எழுதிய சின்னாரிசினைப் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கும் பெரியவர்களுக்குப் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் இறுக்கமும் வரும். வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான். சீட்டின் தேதியைப் பார்க்காமல் எடுத்துக் கொடுக்கும் எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. மருந்தை மருத்துவர் நிறுத்தினால் நடுக்கம் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறையும். நீங்களாக நிறுத்தாதீர்கள், வால்ப்ராயேட்டைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு வியர்த்து, படபடத்து, விரல் நடுங்கினால் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எடை குறைந்து, நெஞ்சு படபடத்து, வெக்கை தாங்காமல் போனால் தைராய்டு ரத்தப் பரிசோதனை. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். வலிப்பும் குழப்பமும் தொடரலாம் என்பதால் குடியை வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போவதே நல்லது. 40 வயதுக்குள் நடுக்கம் வந்தால், உடலில் செம்பு சேரும் வில்சன் நோய் உண்டா என்றும் பார்ப்பார்கள்.

வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை திடீரென்று தொய்வது இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. மூளைக்குப் போகும் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு.

மற்றபடி, நடுக்கம் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, சாப்பிடவும் எழுதவும் இடைஞ்சலானாலோ மருத்துவரைப் பாருங்கள். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் கையை ஊன்றாமல் ஒரு தாளில் கொசுவத்திச் சுருளை வரைந்து, தேதி போட்டு அதையும் எடுத்துச் செல்லுங்கள்; நடுக்கம் கோட்டில் தெரியும்.

— மருந்தாளுநர், கும்பகோணம்