வீடு கேட்பவரிடம் சாதி கேட்பது

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் வாடகைக்கு வீடு தேடிப் போனால், முன்பணம் எவ்வளவு என்று பேசுவதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்குக் கூசாமல் பதில் சொல்ல முடிகிறவர்கள் தங்களுக்குக் கிடைத்திருப்பது சலுகை என்று உணர்வதேயில்லை. பெயரைக் கேட்டதும் "நேத்தே முடிஞ்சிருச்சு" என்று திருப்பி அனுப்பப்படும் இஸ்லாமியருக்கும், நல்ல சம்பளம் வாங்கியும் ஊரின் ஓரத்திலேயே வீடு தேடவேண்டியிருக்கும் பட்டியல் சமூகத்தவருக்கும் அது நன்றாகத் தெரியும். பணம் பல கதவுகளைத் திறக்கும் என்பது உண்மையே. ஆனால் இந்தக் கதவை அது எளிதில் திறப்பதில்லை.

திருநங்கையருக்கு 2008இலேயே நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. தன்பாலின உறவு குற்றமன்று என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் தன்பாலின இணையரின் திருமணத்துக்கு 2023இல் அங்கீகாரம் மறுக்கப்பட்டதால், இணைந்து வாழும் இரு பெண்கள் அக்கா தங்கை என்று சொல்லித்தான் வீடு பிடிக்கவேண்டியிருக்கிறது.

கடைகளிலும் உணவகங்களிலும் சாதி, மத, பாலினப் பாகுபாட்டை அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு தடைசெய்கிறது. வீட்டு வாடகையிலும் அத்தகைய தெளிவான தடையை, பாலீர்ப்பையும் (ஒருவருக்கு எந்தப் பாலினத்தவர்மீது ஈர்ப்பு என்பதையும்) உள்ளடக்கி, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் சேர்க்க அரசு முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி